இரவல் எண்

நெஞ்சில் நாலு ஊக்கு குத்தி
ரெய்னால்டோவாக நிற்கிறேன்.
அவன் மனைவிக்கு நாள் பிந்தும் என்றிருந்தார்கள்,
வெள்ளி இரவே பனிக்குடம் உடைந்துவிட்டது.
"கட்டிய பணம் வீணாகக் கூடாது,
நீதான் ஷிஃப்ட் முடிந்ததும் ஓடுகிறாயே"
என்று ஆலை வாசலில் உறையைத் தந்தான்.
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு.
எண்ணுக்குக் கீழே கொட்டை எழுத்தில் அவன் பெயர்.

பத்துக்கு மேல் நான் ஓடியதில்லை.
இருபத்தொன்று என்றால்
அதுபோல் இரண்டும் இன்னொரு கிலோமீட்டரும் என்று
விரல்விட்டு எண்ணினேன்.
நண்டு ஓடு உடைக்கிற விரல்கள்,
கணக்கில் மட்டும் பிசகியதில்லை.

புன்ட்டா அரேனஸில் காற்றுக்கும் ஆலை நேரம்தான்,
எட்டுக்குச் சரியாக வந்துவிடும்.
தெருமுனையில் கயிறு கட்டிவைப்போம்
மனிதர் பிடித்துக்கொண்டு நடக்க.
அந்தக் காற்று இன்று என் முதுகில் கைவைத்து
கிளம்பாத காரைத் தள்ளுவதுபோல்
தள்ளிக்கொண்டு போனது.
"விடாதே ரெய்னால்டோ!" என்றார்கள் ஓரத்தில் நின்றவர்கள்.
கையசைத்தேன்.
கம்பளித் தொப்பிக்காரி ஒருத்தி
பெயரைப் படித்து, என்னைப் பார்த்து,
மறுபடி பெயரைப் படித்து,
"என்னமோ, ஓடு!" என்றாள்.

பத்தரையில் ஓர் ஆரஞ்சுக் கூம்பு.
சுற்றினேன்.
முகத்தில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.
இவ்வளவு நேரம் என் கால் என்று நினைத்ததெல்லாம்
காற்றின் கால்.

பதின்மூன்று.
வெகுநேரம் பதின்மூன்று.
இடது பெருவிரல் நகம்
தன் கருத்தைச் சொல்லத் தொடங்கியது.
பழைய மரத்துறையிலிருந்து ஒரு நீர்க்காகம்
முன்னே பறக்கச் சிறகடித்து
பின்னால் போனது.
பல் வைத்தியர் யெர்கோ, ஆறரை அடி,
"என் முதுகுக்குப் பின்னால் வா ரெய்னால்டோ" என்றார்.
அவர் வியர்வையின் வெங்காய வாசத்தில்
இரண்டு கிலோமீட்டர் ஒதுங்கி ஓடினேன்.
பிறகு அவர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு
பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்துவிட்டார்,
அடுத்த வண்டிக்குக் காத்திருப்பவர்போல.

பதினேழில்
மேல் ஊக்கு இரண்டும் ஒன்றாக விட்டன.
காகிதம் எழுந்து என் முகவாயில் அறைந்தது,
கீழ் ஊக்குகளையும் கிழித்துக்கொண்டு
ரெய்னால்டோ போனான்
அலைதடுப்புச் சுவருக்கு மேலே,
மகெல்லன் நீரிணைக்கு மேலே,
எதிர்க்கரைத் தீவை நோக்கி,
வெள்ளையாக, கொஞ்ச நேரம்.

அப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.
கூப்பிடப் பெயரில்லை.
மூச்சு மட்டும்
கொதிக்கிற பானையின் மூடிபோல் தடதடத்தது.
ஒத்தீலியா, என்றேன், சத்தமாகவே.
இந்த இரைச்சலில் யார் கேட்கப்போகிறார்கள்?
ஒத்தீலியா பாரியா!
காற்று அதை வாயிலிருந்து பிடுங்கி
யெர்கோ இருந்த பக்கம் கொண்டுபோயிற்று.

முடிவு வளைவு நிற்காதென்று இறக்கிச் சுருட்டி
அதன்மேல் தீயணைப்பு வீரர் இருவர்
ரொட்டி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.
தரையில் சுண்ணாம்புக் கோடு, பாதி அழிந்தது.
மிதித்தேன்.
இதுதானா கோடு என்று சந்தேகம் வந்து
திரும்பிப் போய் இன்னொரு முறை மிதித்தேன்.

மேசையிலிருந்த பெண் எண் கேட்டாள்.
கடலைக் காட்டினேன்.
பதக்கம் தந்தாள்,
பட்டியலில் எதுவும் எழுதவில்லை.

திங்கள் காலை
வெந்நீர்த் தொட்டியருகே ரெய்னால்டோ,
தூங்காத கண், தோளில் பால் கறை.
"எப்படி ஓடினேன்?" என்றான்.
"நன்றாகத்தான் ஓடினாய்,
பதினேழு வரைக்கும்.
மிச்சம் நாலும் சொச்சமும் நான்."

கையுறையை மாட்டிக்கொண்டே
பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.
இன்னும் வைக்கவில்லை என்றான்.